இடது கைக்குப் போன பிரேக்

எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளுக்குள், கிரீஸும் தூசியுமாகக் கிடந்து உழைத்தவர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எது மழைக்காலத்தில் கதவை மூட அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் உடம்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டார். ரத்தக்கொதிப்பு பல வருடமாகச் சத்தமில்லாமல் உள்ளே வேலையைக் காட்டியிருக்கிறது. ஐம்பத்து மூன்றாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டன.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழரைக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தால், இடது முன்கையில் இரண்டு ஊசி ஏறும். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். சுத்தமான பிறகு மற்றதன் வழியாக உடம்புக்குத் திரும்பும். நான்கு மணி நேரம் அந்தக் கை ஆடக் கூடாது, அசையக் கூடாது. நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிய மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? முதல் மூன்று மாதம் கூரைப் பலகைகளை எண்ணினார். குறுக்கே பதினாறு, நெடுக்கே இருபத்திரண்டு, அதில் மூன்றில் ஈரக் கறை. பக்கத்து நாற்காலியில் ஒரு தபால்காரர் படுத்திருப்பார். கொடுத்துவைத்தவர், ஊசி ஏறிய பத்தாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்.

இவர் படும் பாட்டைப் பார்த்து மனம் கேட்காமல் மனைவிதான் வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் புலம்பினார். அடுத்த முறை வந்தபோது மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். இணையத்தில் கேம் விற்கும் கடை ஒன்றைத் திறந்து, "உங்களுக்குப் பிடிச்சத நீங்களே எடுங்கப்பா" என்றாள். சுடுவது, துரத்துவது, பறப்பது என்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு மலை ரயிலைப் பார்த்ததும் நின்றார். முப்பது பெட்டிச் சரக்கு ரயிலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறக்க வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் இறக்கம். பிரேக்கை அதிகம் பிடித்தால் சூடேறிக் கருகும்; கம்மியாகப் பிடித்தால் வளைவில் வண்டி கவிழும். இறங்குகிற எடையைப் பிடித்து நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் வேறு எதை எடுப்பார்? தன் சொந்தக் கார்டை எடுத்து, பதினாறு எண்ணையும் தானே தட்டி வாங்கினார்.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. மவுஸ் ஒன்றே போதும். சக்கரத்தை உருட்டினால் வேகம், வலது பொத்தானை அமுக்கினால் பிரேக். ஊசி ஏறாத ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு முழு ரயிலையும் ஓட்டலாம். விற்பனைப் பக்கத்திலேயே அதைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

எட்டு மாதத்தில் அந்தக் கூடமே மாறிப்போனது. தபால்காரர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ரத்த அழுத்தம் பார்க்க வரும் சிஸ்டர், "இன்னிக்கு எது வரைக்கும் அண்ணா?" என்று கேட்காமல் போகமாட்டார். இருபதாவது கிலோமீட்டர், முப்பதாவது, முப்பத்தாறாவது. ஒரு திங்கட்கிழமை முப்பத்தொன்பதாவது கிலோமீட்டர் வரை வண்டி பத்திரமாக வந்து, அங்கே ஒரு பாலத்துக்கு முன்னால் கவிழ்ந்தது. எங்கே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கை நூறு மீட்டர் முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும். புதன்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தார். டயாலிசிஸுக்கு ஆசையாகக் காத்திருந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புதன்கிழமை ஊசி ஏறியது. லேப்டாப்பைத் திறந்தார். ரயிலுக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்து நின்றது. அப்டேட் தேவை, முப்பத்தொரு ஜிபி, என்றது. கீழே ஒரே ஒரு பொத்தான்: சரி. 'வேண்டாம்' என்று ஒன்று இருக்கும் என மேலும் கீழும் தேடினார். 'அப்புறம்' என்றாவது இருக்கும் என்று பார்த்தார். பெட்டியை மூடினால் விளையாட்டும் சேர்ந்து மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் சரி என்றார். மருத்துவமனை வைஃபையில் முப்பத்தொரு ஜிபி எப்போது இறங்கும்? நான்கு மணி நேரம் கழித்து ஊசியைக் கழற்ற சிஸ்டர் வந்தபோது பன்னிரண்டு சதவீதம் வந்திருந்தது.

"என்ன அண்ணே, இன்னிக்கு வண்டி ஓடவே இல்லியே?" என்றார் தபால்காரர்.

"நான் வாங்குன வண்டிய எவனோ வழிமறிச்சு நிக்கிறான்" என்றார் லிஃப்ட்காரர்.

மீதி எண்பத்தெட்டு சதவீதமும் வீட்டில் ஒன்றரை நாள் இறங்கியது. வெள்ளிக்கிழமை பழையபடி போய்ப் படுத்து, ரயிலை உச்சியிலிருந்து கிளப்பினார். முதல் இறக்கத்தில் வலது பொத்தானை அமுக்கினார். பிரேக் பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். வண்டி பாட்டுக்கு ஓடியது. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: மேலும் தத்ரூபமான அனுபவத்துக்காக, பிரேக் இனி விசைப்பலகையின் இடது பக்கத்துக்கு மாற்றப்பட்டுள்ளது; விசையைப் பிடித்தபடி சக்கரத்தை உருட்டவும்.

வண்டி வளைவை நெருங்கிவிட்டது. எடை கைமீறிப் போவதைப் பார்த்தால் இருபத்தாறு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? யோசிப்பதற்கு முன்னால் இடது கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. ஊசி நகர்ந்தது. இயந்திரம் கூவியது. சிஸ்டர் ஓடி வந்து பம்பை நிறுத்துவதற்குள் முன்கை எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது.

சிஸ்டர் வீங்கிய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தார். "இந்தக் கையில ரத்தக்குழாய் போச்சுன்னா அடுத்து எங்க குத்தறது அண்ணா? ஒரு விளையாட்டுக்காகவா?"

லிஃப்ட்காரர் வலது கையால் லேப்டாப்பை மூடினார். அந்தக் கூடத்தில் பதினான்கு பேர் தன்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம் வீடு வந்து சேரும் வரை இருந்தது. செருப்பைக் கழற்றும்போது அது கோபமாக மாறிவிட்டது.

அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் வேலை செய்த விதம் தெரிய வேண்டும். ஒரு கட்டடத்து லிஃப்டை நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே வாசலில் அட்டை மாட்டுவார். எந்தப் பாகம் மாறுகிறது, எத்தனை மணி நேரம் ஆகும் என்று அதில் தன் கையாலேயே எழுதுவார். பிறகு மாடி மாடியாக ஏறி, யாருக்காவது ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கிறதா, யாராவது கட்டில் பீரோ இறக்குகிறார்களா என்று கேட்பார். புதுப் பாகத்தை மாட்டிய பிறகும் பழையதைத் தூக்கிப் போடமாட்டார். பத்து நாள் மோட்டார் அறையிலேயே சுற்றி வைத்திருப்பார். புதுசு சண்டித்தனம் செய்தால் அரை மணியில் பழசு திரும்ப ஏறும்.

ஒருமுறை கம்பெனி ஒரு கட்டடத்தின் பொத்தான் பலகையை மாற்றச் சொன்னது. புதுப் பலகை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, தொட்டாலே போதும். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஐந்தாவது மாடியில், பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைக்கும் கண் தெரியாத ஒருவர் இருந்தார். மேடு பள்ளம் இல்லாத பலகையில் அவருக்கு எந்த எண்ணும் கைக்குத் தட்டுப்படவில்லை. மூன்று நாள் மாடிப்படியிலேயே ஏறி இறங்கியிருக்கிறார். விஷயம் காதுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் கம்பெனியைக் கேட்கக்கூட இல்லை. போய்ப் பழைய பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார். மேலதிகாரி கத்தியபோது, "லிஃப்ட் உங்களோடது சார். அதுல ஏறி வீட்டுக்குப் போறவர் அவரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவரின் கையைத்தான் கேட்காமல் கொள்ளாமல் வீங்க வைத்திருந்தார்கள்.

கடையின் உதவிப் பக்கத்துக்குப் போனார். அங்கே முதலில் பேசியது இயந்திரம். 'வணக்கம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம்' என்றது. பழைய மாதிரி விளையாட வேண்டும் என்று தட்டினார். 'புதிய அப்டேட்டைப் பெறுவது எப்படி என்று அறிய விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. ஆறு முறை இப்படியே சுற்றி வந்த பிறகு ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. நாற்பது நிமிட இசைக்குப் பிறகு ஒரு இளைஞன் குரல் வந்தது.

"சார், அப்டேட் வர்றதுக்கு முன்னாடியே நீங்க ஆஃப்லைனுக்கு மாத்தியிருந்தா பழசே ஓடியிருக்கும் சார்."

"அப்டேட் வரப்போகுதுன்னு எனக்கு யார் சொன்னா?"

"அது... வரும்போது தெரியும் சார்."

"வந்தப்புறம் மாத்தலாமா?"

"வந்தப்புறம் மாத்த முடியாது சார்."

"அப்ப எப்பத்தான் தம்பி மாத்தறது?"

அந்தப் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு, "சார், எனக்கே தெரியல. இங்க எழுதி வெச்சிருக்கறத நான் படிக்கறேன்" என்றான். லிஃப்ட்காரருக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவனை அங்கே உட்கார வைத்தவர்கள் மேல்தான் வந்தது.

மனைவி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சர். முப்பது வருடமாக ஊரார் குறைகளைத் தட்டித் தட்டி விரல் காய்த்துப்போனவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "சொல்லுங்க, அடிக்கறேன்" என்றார்.

"அயோக்கியப் பசங்களா அப்படின்னு ஆரம்பி."

"ஐயா அப்படின்னு ஆரம்பிக்கறேன். அயோக்கியத்தனம் தானா தெரியும்."

மனு ஒன்றரைப் பக்கம் வந்தது. அப்டேட் வருவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். எத்தனை ஜிபி, எதெல்லாம் மாறும் என்று தெளிவாக எழுதுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம். இப்போதா, அப்புறமா, வேண்டவே வேண்டாமா என்பதை வாங்கியவன் முடிவு செய்யட்டும். ஒரு திருகாணியை மாற்றுவதற்கு முழு லிஃப்டையும் இறக்கி ஏற்றாதீர்கள். மாறிய பாகத்தை மட்டும் அனுப்புங்கள். பழைய பதிப்பைத் தூக்கிப் போடாமல், கேட்பவருக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வாங்கியது ஒரு கையால் ஓட்டும் ரயில். அதைத் திரும்பக் கொடுங்கள். வீங்கிய கையின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி; நல்லெண்ண அடிப்படையில் உங்கள் பணம் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. அவ்வளவுதான். என்ன இது என்று லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். ரயிலே இல்லை. பணத்தைத் திருப்பிய கையோடு விளையாட்டையும் அவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் ஓட்டிய பாதை, முப்பத்தொன்பது கிலோமீட்டர், எல்லாம் போச்சு.

"நான் பணம் கேட்டேனா?" வீடே அதிர்ந்தது. "எங்கயாச்சும் ஒரு வரியில கேட்டேனா? கதவு திறக்கலன்னு புகார் பண்ணா லிஃப்டையே கழட்டிட்டுப் போறானுங்க! கடைன்னு பேரு, அதுல கல்லாப்பெட்டிய தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல!"

"கத்தாதீங்க, பிரஷர் ஏறும்" என்றார் மனைவி. ஆனால் அவர் குரலும் சரியாக இல்லை. அன்று மாலையே மனைவி இரண்டு காரியம் செய்தார். நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு ஒரு மனு. அந்த ரயில் விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதம்.

செய்தவர்கள் ஐந்தே பேர் கொண்ட சின்ன கம்பெனி. நான்காம் நாளே பதில் போட்டார்கள். ஒற்றைக் கையால் ஆடுபவர்களை நினைக்காமல் விட்டது தங்கள் தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வரி மனைவியை நிமிர்ந்து உட்கார வைத்தது. இதுவரை வந்த எல்லாப் பழைய பதிப்புகளையும் நாங்கள் கடையிடம் கொடுத்திருக்கிறோம், அவை அங்கே அப்படியே இருக்கின்றன, எது வேண்டும் என்று வாங்கியவர் தேர்ந்தெடுக்கும்படி வைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டும் கடை மறுத்துவிட்டது, என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு பெண் அதிகாரி. கடையின் தரப்பில் இஸ்திரி கலையாத ஒரு வக்கீல்.

"மனுதாரர் வாங்குனது விளையாட்ட இல்ல மேடம். அத விளையாடறதுக்கான அனுமதிய" என்றார் வக்கீல். "எப்ப வேணும்னாலும் மாத்துவோம்னு ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. அவர் சம்மதம் குடுத்திருக்கார்."

"எத்தனை பக்கம் ஒப்பந்தம்?" என்று கேட்டார் அதிகாரி.

"நாப்பத்தேழு மேடம்."

"நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார். "சம்பந்தப்பட்ட பகுதிகளப் படிச்சிருக்கேன் மேடம்."

அதிகாரி லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "உங்க பணத்தக் குடுத்துட்டாங்களே. இன்னும் என்ன வேணும்?"

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். வீட்டில் மூன்று நாள் ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க மறந்துபோனது. "எழுபது கட்டடத்துச் சாவி என் இடுப்புல தொங்கிச்சு மேடம். எந்த நேரத்துலயும் நான் உள்ள போலாம். அதுக்காக ஒரு வீட்டுக் கட்டில நகத்திப் போட எனக்கு உரிமை வந்துருமா? இவங்க கேக்காம வந்தாங்க, பிரேக்க எடுத்து நான் அசைக்கக் கூடாத கைக்குக் குடுத்தாங்க. கேட்டா மொத்த வண்டியயும் தூக்கிட்டாங்க. பணத்த அவங்களே வெச்சுக்கட்டும். நான் வாங்குன ரயில, வாங்குன மாதிரி குடுக்கச் சொல்லுங்க."

"எல்லா அப்டேட்டும் வாடிக்கையாளர் நன்மைக்குத்தான்" என்றார் வக்கீல்.

"நன்மைன்னா சொல்லிட்டுச் செய்யறதுல என்ன கஷ்டம் சார்?"

"அதுவும் இல்லாம, பழைய பதிப்பத் தர்றது தொழில்நுட்ப ரீதியா சாத்தியமே இல்ல மேடம்."

மனைவி கைப்பையிலிருந்து, ரயிலைச் செய்தவர்கள் போட்ட பதிலை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று நகல் எடுத்து, வேண்டிய வரியை மஞ்சள் மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். படித்துவிட்டு வக்கீலிடம் நீட்டினார். "இதுவும் நீங்க படிக்காத பகுதியா?"

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. மனுதாரர் வாங்கிய பதிப்பை, அவர் சேமித்த பாதையோடு திரும்பக் கொடுக்க வேண்டும். அவரைக் கேட்காமல் இனி எதையும் மாற்றக் கூடாது. மற்ற வாடிக்கையாளர்கள் விஷயத்தில் 'பரிசீலிக்கலாம்' என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லை லிஃப்ட்காரரால் ஜீரணிக்கவே முடியவில்லை. "எனக்கு மட்டும் படிக்கட்டு கட்டிக் குடுத்திருக்காங்க. மத்தவனெல்லாம் விழுந்தா பரவால்லையா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

ரயில் திரும்பி வந்தது. முப்பத்தொன்பதாவது கிலோமீட்டர் பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, வலது கை ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்து விரலால் பிரேக்கைப் பிடித்தார். வண்டி பாலத்தைத் தாண்டியது. கடைசி மூன்று கிலோமீட்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அடிவார நிலையத்தில் முப்பது பெட்டியும் நின்றபோது, கைதட்ட ஒற்றைக் கைதான் இருக்கிறது என்பதால் தபால்காரர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "நூத்தி எழுபது! போதும் அண்ணா, மூடி வைங்க" என்று அதட்டினார்.

நான்கு மாதம் கழித்துக் கடையின் முகப்பில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி எல்லா விளையாட்டுகளுக்கும் அப்டேட் பற்றி முன்பே சொல்வோம். இப்போது, அப்புறம், பழையதே போதும் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். மாறிய பகுதி மட்டும் இறங்கும். டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் சிவந்தது. 'வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவர்கள் தேவையை உணர்வது எங்கள் மரபு' என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம், "இன்னொரு மனு தட்டு" என்றார்.

"எதுக்கு? அதான் எல்லாருக்கும் குடுத்துட்டாங்களே! ஜெயிச்சதுக்கு மனு போடற முதல் ஆளு நீங்கதான்."

"கேக்கறதுக்கு முன்னாடியாம்! நான் ஒன்றரைப் பக்கம் கேட்டேன். நீ அடிச்ச. வக்கீல வெச்சு எதிர்த்தானுங்க. இப்ப தானா தோணிச்சாம். எனக்கு மாலை மரியாதை வேணாம். பொய்யாவது சொல்லாம இருக்கலாம்ல?"

மனைவி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தார். இந்த முறை மனு நான்கே வரி. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, கேட்ட பிறகுதான் செய்தோம் என்று உண்மையை எழுதுங்கள் என்பதுதான் விஷயம். "ஐயா அப்படின்னு ஆரம்பிக்கணுமா?" என்று மனைவி கேட்டார்.

"உன் இஷ்டம்" என்றார் அவர்.

மனைவி ஐயாவை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். பதில் இதுவரை வரவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே நான்கு வரியைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் போனது ஒன்பதாவது.